தம்பியிடம் கூலி கேட்ட தமக்கை

அகமதாபாத் நகரத்து ஆலைத் தொழிலாளர்கள் ஓர் அம்மையாரை மோட்டாபென் என்று அழைத்து வந்தார்கள். குஜராத்தி மொழியில் மூத்த சகோதரி என்பது அதன் பொருள். நம் வீட்டு வழக்கில் பெரியக்கா என்று கொள்ளலாம். அந்தப் பெரியக்காவின் உடன்பிறந்த தம்பியோ, அந்நகரத்துப் பெரும் ஆலை முதலாளிகளுள் ஒருவர். தம்பியும் அவரைச் சேர்ந்தவர்களும் நடத்திய ஆலைகளுக்கு எதிரே தொழிலாளரைத் திரட்டி நிறுத்தி, இத்தனை சதவீதம் கூலி உயர்த்த வேண்டும் என்று கணக்குச் சொல்லிக் கேட்டவர் அனசூயா சாராபாய் அம்மையார். இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயின் பெயரை நம்மில் அறியாதார் இல்லை. அவருடைய அத்தைதான் இவர்!

1885-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் செல்வம் கொழிக்கும் சமணக் குடும்பத்தில் அனசூயா பிறந்தார். ஒன்பது வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். தம்பி அம்பாலாலுடனும் தங்கையுடனும் சிற்றப்பாவின் வீட்டில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில், அக்கால வழக்கப்படி, திருமணமும் செய்து வைத்துவிட்டார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. பிறந்த வீடு திரும்பிய இளம்பெண்ணுக்கு அந்நாளில் என்ன காத்திருந்தது என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மூலையும், ஒரு மௌனமும். ஆனால் அவரைவிட இளையவரான அம்பாலால் தமக்கையை மூலையில் உட்கார விடவில்லை. படிக்க ஊக்கினார், 1912-இல் இங்கிலாந்துக்கே அனுப்பி வைத்தார். இந்தத் தம்பியின் பெருந்தன்மையை இங்கே நினைவில் இருத்திக்கொள்வோம். பின்னால் வரும் சண்டையில் அவரை வெறும் கல்நெஞ்சராக எண்ணிவிடக் கூடாது.

மருத்துவம் படிக்கச் சென்றவர், உயிரினங்களை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததும் தம் சமண நெறிக்கு ஒவ்வாது என்று அதை விட்டு, இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். ஃபேபியன் சங்கத்தாரின் சமதர்மக் கருத்துகளும், வாக்குரிமை கேட்டு வீதியில் இறங்கிய ஆங்கிலப் பெண்களின் துணிவும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. 1913-இல் தாயகம் திரும்பினார். ஆலைத் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தார். பெண்களுக்குக் கழிப்பிடம், குழந்தைக் காப்பகம், பேறுகால விடுதி என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார். இதுவரை இதை ஒரு சீமாட்டியின் தருமகாரியம் என்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் காலை, பதினைந்து பெண்கள் ஆலையிலிருந்து தள்ளாடி வருவதைக் கண்டார். விசாரித்தபோது, அவர்கள் தொடர்ந்து முப்பத்தாறு மணிநேரம் வேலை செய்துவிட்டு வருகிறார்கள் என்று தெரிந்தது. இரண்டு இரவும் ஒரு பகலும்! அன்று தருமம் போதாது என்று அவர் உணர்ந்தார். கொடுப்பது வேறு, கேட்டுப் பெறுவது வேறு. தொழிலாளர் தாமே கேட்டுப் பெற வேண்டும்; அதற்கு உடன் நிற்பதே தம் பணி என்று முடிவு செய்தார்.

கேட்பது என்றால் எதைக் கேட்பது? ஏழைகளின் பக்கம் நின்று போராடுகிறவர் எவரும் இந்த வினாவிலிருந்து தப்ப முடியாது. ஏற்றத்தாழ்வு பெரிது, அதன் வேர்கள் எங்கெங்கோ ஓடுகின்றன. அத்தனையையும் ஒரு கோரிக்கையில் அடக்க முடியுமா? அடக்கினால் பெரிய அநீதி சின்னதாகத் தெரியாதா? அடக்காமல் விட்டால், எதிரே இருப்பவர் எதற்கு இணங்குவார்? 2011-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடாரமிட்டு அமர்ந்தவர்கள், ஒரு சதவீதத்தார் கையில் செல்வம் குவிவதைக் கண்டித்து, மீதி 99 சதவீதமும் நாங்களே என்று அறிவித்தார்கள். ஆனால் இன்னது வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்க அவர்கள் இசையவில்லை. ஏற்றத்தாழ்வைப் பற்றி உலகமே பேசியது. இரண்டு மாதத்தில் காவலர்கள் கூடாரங்களைப் பிரித்தார்கள். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நாள் கூலி நின்றால் அடுப்பு எரியாத வீடுகளை வைத்துக்கொண்டு போராடிய அனசூயா அம்மையாருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

1917-இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. மக்கள் ஊரை விட்டு ஓடினர். நெசவாளர்கள் போய்விட்டால் தறிகள் நின்றுவிடும் என்று அஞ்சிய முதலாளிகள், கூலிக்கு மேல் எழுபது, எண்பது சதவீதம் வரை பிளேக் போனஸ் கொடுத்து அவர்களை நிறுத்தி வைத்தனர். இந்தப் போனஸ் கிடைக்காத பாவுத் தொழிலாளர்கள்தாம் அந்த ஆண்டு டிசம்பரில் முதலில் அம்மையாரைத் தேடி வந்தவர்கள். 1918 ஜனவரியில் நோய் தணிந்தது, போனஸும் நிறுத்தப்பட்டது. ஆனால் உலகப் போரினால் ஏறிய விலைவாசி இறங்கவில்லை. நெசவாளர்கள் போனஸுக்கு ஈடாக 50 சதவீத உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20-க்கு மேல் அசையவில்லை.

பீகார் மாநிலத்துச் சம்பாரணில் அவுரி விவசாயிகளுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்த காந்தியடிகளுக்கு அனசூயா கடிதம் எழுதியிருந்தார். அகமதாபாத் திரும்பிய அடிகளின் நிலை தருமசங்கடமானது. அம்பாலால் அவருக்கு நண்பர். தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றை ஆசிரமத்தில் சேர்த்ததற்காக ஊரார் பணஉதவியை நிறுத்தியபோது, பெயர் சொல்லாமல் 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் அந்த அம்பாலாலே என்பர். முதலில் இரு தரப்பாரும் கூடிய நடுவர் குழு ஏற்பட்டது. இடையில் சில தொழிலாளர்கள் அவசரப்பட்டு வேலையை நிறுத்தவே, முதலாளிகள் குழுவிலிருந்து விலகினர். பிப்ரவரி 22-ஆம் நாள் ஆலைக் கதவுகள் மூடப்பட்டன.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய காரியம் நடந்தது. அடிகளும், வல்லபாய் படேலும், சங்கர்லால் பாங்கரும் அனசூயாவுடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தனர். விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது, பம்பாய் ஆலைகளில் என்ன கூலி, முதலாளிகளால் எவ்வளவு தாங்க முடியும் என்று ஆராய்ந்தனர். ஜூலை மாதக் கூலியின் மேல் 35 சதவீதம் என்ற முடிவுக்கு வந்தனர். தொழிலாளர் கேட்டது 50 அல்லவா? தங்கள் பக்கத்தாரே குறைத்துவிட்டார்கள்! மாதம் இருபது ரூபாய் வாங்கியவருக்கு ஐம்பது சதவீதமென்றால் பத்து ரூபாய். முப்பத்தைந்து என்றால் ஏழுதான். அந்த மூன்று ரூபாயை விட்டுக்கொடுக்கும்படி ஏழையிடம் சொல்வது எளிதான காரியமா? ஆயினும் தொழிலாளர் இசைந்தனர். சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் ஆயிரக்கணக்கானோர் கூடி, 35 கிடைக்கும்வரை வேலைக்குத் திரும்புவதில்லை என்றும், எவரையும் அடிப்பதில்லை, கொள்ளையிடுவதில்லை என்றும் உறுதிமொழி எடுத்தனர்.

பிறகு நாள்தோறும் அந்த மரத்தடியில் கூட்டம். நாள்தோறும் துண்டுப் பிரசுரம். எழுதியவர் காந்தியடிகள், வெளியானது அனசூயாவின் பெயரில். காலையிலும் மாலையிலும் அம்மையார் சேரிகளுக்குச் சென்று, நோயுற்றவர் யார், பட்டினி கிடப்பவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு வருவார். இத்தனைக்கும் நடுவே அம்பாலால் ஆசிரமத்துக்கு வந்து அடிகளுடன் உணவருந்துவாராம், பரிமாறியவர் தமக்கை. பகலில் எதிரெதிர் அணி; உச்சிவேளையில் ஒரே பந்தி! தம்பியின் உடைமையைப் பறிக்க வேண்டும் என்று அனசூயா கேட்டிருந்தால் அந்தப் பந்தி நடந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறோம். அவர் கேட்டது ஓர் எண். எண்ணை மறுக்கலாம், பேரம் பேசலாம், ஒரு நாள் ஒப்புக்கொள்ளவும் செய்யலாம். மானம் போகாமல் இணங்குவதற்கு எதிரிக்கும் ஒரு வாசல் அதில் இருந்தது.

ஆனால் எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. வாரங்கள் ஓடின. மார்ச் 12-இல் முதலாளிகள் கதவைத் திறந்து, 20 சதவீதத்துக்கு இசைகிறவர் வரலாம் என்றனர். பசி என்னும் பகைவன் உள்ளே புகுந்தான். கூட்டம் மெலிந்தது. ஒரு குடியிருப்பில், கூட்டத்துக்கு வரும்படி அழைக்கச் சென்ற ஆசிரமத்தாரிடம், அனசூயாபென்னுக்கும் காந்திக்கும் என்ன கவலை, காரில் வந்து காரில் போகிறார்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார்கள், சாகிறவர்கள் நாங்களல்லவா என்று தொழிலாளர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டனர். சுடும் சொல்தான். பொய்ச் சொல் என்று அதைத் தள்ளிவிட நம்மால் முடியவில்லை.

மறுநாள் மார்ச் 15. மரத்தடிக் கூட்டத்தில் காந்தியடிகள், ஒப்பந்தம் ஏற்படும்வரை உணவு கொள்வதில்லை என்று அறிவித்தார். கூட்டம் திடுக்கிட்டது. தொழிலாளர் கண்ணீர் விட்டனர். அனசூயாவும் அன்று உண்ணவில்லை. தொடர்ந்து நோற்க முனைந்தவரை அடிகள் வற்புறுத்தித் தடுத்தார். ஆசிரமத்தில் நெசவுக்கூடம் கட்ட மணல் தேவைப்பட்டது; வேலையற்றிருந்தவர்களுக்கு அதில் கூலி கிடைக்கட்டும் என்றனர். செல்வர் வீட்டில் பிறந்த அனசூயா முதல் ஆளாகக் கூடையைத் தலையில் ஏற்றி ஆற்றுப் படுகையிலிருந்து நடந்தார். அவருக்குப் பின்னே எறும்புச் சாரைபோல் நெசவாளர் வந்தனர். காரில் வந்து போகிறவர் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல மறுமொழி எது?

மூன்றாம் நாள் முடிவு ஏற்பட்டது. அதை முதன்முறை படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது உண்மை. வேலைக்குத் திரும்பும் முதல் நாள் 35 சதவீதம். தொழிலாளரின் உறுதிமொழி நிறைவேறியது. இரண்டாம் நாள் 20. முதலாளிகளின் வார்த்தையும் நின்றது. மூன்றாம் நாள் முதல், நடுவர் தீர்ப்புச் சொல்லும்வரை, இரண்டுக்கும் நடுவே இருபத்தேழரை! பிள்ளைகள் மிட்டாய் பங்கிடும் கணக்கைப் போல இருக்கிறதல்லவா? ஆயினும் இப்படிப் பங்கிட முடிந்தது எண் என்ற ஒன்று இருந்ததனால்தான். சில மாதங்களுக்குப் பிறகு நடுவர் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா 35 சதவீதமே நியாயம் என்று தீர்ப்பளித்தார். தம்மேல் கொண்ட அன்பினால் முதலாளிகள் இணங்கியதால் தம் நோன்பில் வற்புறுத்தலின் மாசு படிந்துவிட்டது என்று காந்தியடிகள் வருந்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் முப்பத்தாறு மணிநேரம் உழைத்துத் தள்ளாடி வந்த அந்தப் பதினைந்து பெண்கள்? 35 சதவீதத்தில் அவர்களுடைய தூக்கத்துக்கு இடம் இல்லை. குடியிருப்புகளின் நாற்றத்துக்கும், குழந்தைகளின் படிப்புக்கும் இடம் இல்லை. குறிப்பான கோரிக்கையை ஐயுறுகிறவர்கள் சொல்வது இதைத்தான். எதைக் கேட்கிறோமோ அது கிடைக்கும். கேட்காதது விடுபட்டுப் போகும். அந்தக் குறையை அனசூயா அறிந்தேயிருந்தார் என்று அவருடைய பின்னாளைய வாழ்க்கை காட்டுகிறது. 1920-இல் மஜூர் மகாஜன் என்னும் ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, அவரே தலைவர். போராட்டம் முடிந்ததும் கலைந்து போகாமல், அடுத்த கோரிக்கையைத் தயாரிக்க ஒரு வீடு வேண்டும் அல்லவா? வேலை நேரம், விபத்து, கழிப்பிடம், கடன் என்று ஒவ்வொரு முறையீடும் அங்கே தனித்தனியே எழுதிக்கொள்ளப்பட்டது. எல்லாம் வெற்றி பெறவில்லை. 1923-இல் முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, இரண்டு மாதங்களுக்கு மேல் வேலை நிறுத்தியும் கூலிக்குறைப்பை ஏற்க நேர்ந்தது. சங்கம் தளர்ந்தது, பிறகு மெல்ல எழுந்தது. தொழிலாளரின் பெண்மக்களுக்கென அனசூயா 1927-இல் கன்யாகிருகம் என்ற பள்ளியையும் தொடங்கினார்.

கூட்டங்களின் இரைச்சலைவிட்டு அமைதியாக முதுமையைக் கழித்த அம்மையார் 1972-இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, அவர் வளர்த்த சங்கத்தின் மகளிர் பிரிவை இளா பட் என்ற வழக்கறிஞர் நடத்திக்கொண்டிருந்தார். துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் அவரிடம் வந்தனர். எத்தனை நடை போனாலும் வியாபாரிகள் கணக்கின்றி எதையோ கொடுத்து அனுப்புகிறார்கள் என்பது அவர்கள் குறை. இளா பட் அதைச் செய்தித்தாளில் எழுதினார். வியாபாரிகள் சினந்து, நாங்கள் நியாயமாகவே கொடுக்கிறோம் என்று மறுப்பு வெளியிட்டனர். அம்மறுப்பில் அவர்கள் சொன்னவற்றையே சிறு சிறு அட்டைகளில் அச்சடித்து, மகளிர் பிரிவார் அந்தப் பெண்களின் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டனர். மறுநாள் முதல் சுமையை இறக்கி வைத்ததும் அவர்கள் அந்த அட்டையை எடுத்து நீட்டினார்கள்.