வகுப்பறையோடு நிற்காத கல்வி: விபுலானந்த அடிகளார்

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, முஸ்லிம் ஊர்களின் நடுவில் அமைந்த தமிழ்க் கிராமம் காரைதீவு. அங்கே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தவர் மயில்வாகனம். பின்னாளில் உலகம் இவரை விபுலானந்த அடிகள் என்று அறிந்தது. யாழ் நூல் தந்த தமிழறிஞர் என்று இவரைப் போற்றும் நாம், ஆங்கிலத்தை இவர் எவ்வாறு தம்முடையதாக்கிக் கொண்டார் என்பதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையில் படித்த இவர், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியை அந்நாளில் நடத்தியவர்கள் பிரான்சு நாட்டிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் தாய்மொழியன்று. முயன்று கற்ற மொழியே. 1908இல், பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்து, படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார்.

பலருடைய ஆங்கிலம் பரீட்சையோடு நின்றுவிடும். இவருடைய ஆங்கிலமோ அதன் பின்னரே வளர்ந்தது. கொழும்பில் ஆசிரிய பயிற்சியும் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒரு மொழிக்காக மறுமொழியைக் கைவிட வேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அக்காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதே 1921இல்தான். ஆகவே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகத் தாமே படித்து, 1920இல் பி.எஸ்.சி. பட்டம் பெற்றார். விரிவுரை மண்டபம் இல்லை. பகலில் கற்பித்தலும், எஞ்சிய நேரத்தில் நூலும் எழுதுகோலுமே அவருடைய பல்கலைக்கழகம்.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். மடத்தின் தமிழ்ச் சஞ்சிகையையும் ஆங்கிலச் சஞ்சிகையையும் பொறுப்பேற்று நடத்தினார். விவேகானந்தரின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' என்னும் நூலை 1926இல் தமிழில் வெளியிட்டார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது அவருடைய வாழ்நாள் தொழிலாயிற்று. மொழிபெயர்ப்பவன் எந்தச் சொல்லையும் மேலோட்டமாகக் கடந்து போக முடியாது. ஒவ்வொரு சொல்லின் நிறையையும் அறிந்தால்தான் அதற்கு ஈடான தமிழ்ச் சொல் கிடைக்கும். இந்தப் பழக்கம் இரு மொழியையும் ஒருங்கே கூர்மையாக்கும்.

காரைதீவில் பிறந்த இவர் 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதியில் இருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். 1947 ஜூன் மாதம் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

தனிவகுப்புக்குப் பணம் கட்ட வழியில்லாத பெற்றோர் நம்மிடையே பலர். பிள்ளைக்கு ஆங்கிலம் வராமற் போய்விடுமோ என்பது அவர்களின் கவலை. ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடுமோ என்பது வேறு சிலரின் கவலை. இரண்டுக்கும் அடிகளாரின் வாழ்வே மறுமொழி. பாடசாலை அவருக்கு நல்ல அடித்தளம் இட்டது, உண்மையே. அதன்மேல் எழுந்த கட்டடமோ அவர் தம் முயற்சியால் எழுப்பியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆங்கிலத்தில் ஒரு பந்தியைப் பிள்ளை உரத்து வாசிக்கட்டும். அதன் பொருளை அம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ நல்ல தமிழில் எடுத்துச் சொல்லட்டும். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரியாதிருப்பது குறையல்ல. அவருக்கு விளங்கும்படி சொல்வதே பிள்ளைக்குப் பயிற்சி. இதற்குக் காசு வேண்டாம். நாள் தவறாமை ஒன்றே வேண்டும்.