மேரி சார்லிப்

மேரி ஆன் டாகோம்ப் சார்லிப் (ஜூன் 18, 1845 - நவம்பர் 21, 1930) ஒரு பிரித்தானிய மகப்பேறு, அறுவை மருத்துவர் ஆவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 ஆம் ஆண்டு சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் நான்கு பெண்களுள் ஒருவர். வயிற்று அறுவை மருத்துவத்தில் பெயர் பெற்றவர்.

வாழ்க்கைக் குறிப்பு

மேரி பிறந்த சில நாட்களிலேயே அவருடைய தாய் இறந்தார். 1865 இல் வழக்கறிஞர் வில்லியம் சார்லிப்பை மணந்து, அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்தார். கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்து, பிரசவத்தில் உயிரிழப்பதை அறிந்து மருத்துவம் கற்க முடிவு செய்தார். தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்ட் பால்ஃபர் அதற்கு ஆதரவளித்தார். 1878 இல் சென்னையில் தேர்ச்சி பெற்ற பின்னர், 1882 இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார். வியன்னாவிலும் பயின்றார்.

சென்னைப் பணி

1883 இல் சென்னை திரும்பினார். இவரது முயற்சியால் 1885 இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே இன்று திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை ஆகும். உடல்நலக் குறைவால் 1887 இல் இங்கிலாந்து சென்றார்.

அறுவை மருத்துவமும் இரத்த இழப்பும்

லண்டன் மகளிர் புது மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். கார்ல் லான்ட்ஸ்டெய்னர் 1901 இல் இரத்த வகைகளை விளக்குவதற்கு முன்பு, இழந்த இரத்தத்தைப் பாதுகாப்பாக ஈடு செய்ய வழியில்லை. இரத்தக் குழாய்களை உடனுக்குடன் இடுக்கியால் பிடித்துக் கட்டுவதும், விரைந்து முடிப்பதுமே அறுவை மருத்துவரின் கையில் இருந்தன.

அவசர வயிற்று அறுவையில் எவ்வளவு இரத்தம் இழக்கப்படும் என்பது, நோயாளி வந்து சேரும்போது ஏற்கனவே உள்ளே கசிந்த அளவு, இரத்தம் உறையும் திறன், முந்தைய அறுவையால் உறுப்புகள் ஒட்டியிருத்தல், அறுவை நீடிக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. இரத்தசோகை உள்ளவர் சிறிய இழப்பையும் தாங்கமாட்டார். கருக்குழாய் வெடித்த பெண் ஒருவர் தாமதித்து வந்தால், கத்தி வைக்கும் முன்பே பெருமளவு இரத்தம் இழந்திருப்பார். ஆகவே, பெண்கள் தயங்காமல் வரக்கூடிய மருத்துவமனை அமைந்ததே இத்தகைய இறப்புகளைத் தவிர்ப்பதில் முதற்படி எனலாம்.

பிற்காலம்

1888 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம். டி. பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். 1902 இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவராக நியமிக்கப்பட்டார். 1924 இல் தமது நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1926 இல் டேம் பட்டம் வழங்கப்பட்டது. 1930 இல் லண்டனில் காலமானார்.