காதுக்குள் ஒரு ரசமட்டம்

சிறுவயதில் தட்டாமாலை சுற்றி விளையாடியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். சுற்றுவதை நிறுத்திய பிறகும் வீடும் வாசலும் சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்கப் பார்த்தால் கால் தள்ளாடும். அந்தக் கிறுகிறுப்பு தொடங்கும் இடம் காலும் அல்ல, வயிறும் அல்ல, காது. அதை ஒரு பீச்சாங்குழலும் கொஞ்சம் தண்ணீரும் வைத்துச் சோதித்தறிய முடியும் என்று காட்டியவர் ராபர்ட் பாரானி. அவருக்கு நோபெல் பரிசு கிடைத்த செய்தி வந்தபோது அவர் ஒரு போர்க்கைதி.

பாரானி 1876 ஏப்ரல் 22ஆம் தேதி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை பண்ணை ஒன்றை நிர்வகித்து வந்த யூதர். சிறுவனாக இருந்தபோதே எலும்புக் காசநோய் தாக்கி ஒரு முழங்கால் நிரந்தரமாக விறைத்துப்போனது. மருத்துவத்தில் அவருக்கு நாட்டம் ஏற்பட்டதற்கு அந்த நோயே காரணம் என்பார்கள். விறைத்த காலோடு டென்னிஸ் விளையாடினார், மலை ஏறினார்.

1900இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் சில காலம் பயின்றுவிட்டு, 1903இல் வியன்னாவின் காது மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அதை நடத்தியவர், காது மருத்துவத்தில் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த ஆடம் பொலிட்சர். இளம் மருத்துவருக்கு அங்கே கிடைத்த வேலை பெருமைக்குரியதல்ல. சீழ் வடியும் காதுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கழுவும்போது பலர் தலை சுற்றுகிறது என்பார்கள். கூர்ந்து பார்த்தால் அவர்களின் கண்விழிகள் ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வெடுக்கென்று திரும்பித் துடித்துக்கொண்டிருக்கும். மற்ற மருத்துவர்களும் பார்த்த காட்சிதான் இது. பாரானி அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

ஒருநாள் நோயாளி ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் கழுவும்போது தமக்குத் தலை சுற்றுவதே இல்லை என்றும், இங்கே தண்ணீர் ஆறிப்போயிருக்கும்போதுதான் சுற்றுகிறது என்றும் சொன்னார். பாரானி தாதியை அழைத்து இன்னும் சூடான நீர் கொண்டுவரச் சொன்னார். இருக்கும் சூடே போதும் என்று தாதி வாதிட்டார். நோயாளிக்குக் குளிர்ச்சியாகத் தெரிகிறதென்றால் அவர் விருப்பப்படியே செய்வோம் என்றார் பாரானி. அடுத்த முறை வந்ததோ மிகவும் சூடான நீர். காதில் பட்டதும் நோயாளி அலறினார். சூடு தாங்கவில்லை, தலையும் சுற்றுகிறது என்றார்.

வேறொருவராக இருந்தால் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, தாதியைக் கடிந்திருப்பார். பாரானி நோயாளியின் கண்களைப் பார்த்தார். விழிகள் இப்போது நேர் எதிர்த் திசையில் துடித்துக்கொண்டிருந்தன.

இது ஏன் என்று புரிந்துகொள்ளக் காதின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. நடுச்செவியிலுள்ள மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்லியா அதை நரம்புச் செய்தியாக மாற்றுகிறது. கேட்பது இதோடு முடிந்தது. ஆனால் காக்லியாவை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கின்றன. இவற்றுக்கும் கேட்பதற்கும் தொடர்பில்லை. குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது. தலையைத் திருப்பினால் எலும்பு உடனே திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த இடைவெளியில் மெல்லிய தடுப்பு ஒன்று வளைந்து, அதன் அடியிலுள்ள நுண்மயிர்களை அசைக்கும். தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று மூளைக்குத் தெரிந்துவிடும். கண்களும் அதற்கேற்ப நகரும். பேருந்து நிற்கும்போது பயணி முன்னே சாய்வதுபோல, தட்டாமாலையை நிறுத்தியதும் திரவம் தொடர்ந்து ஓடுவதால்தான் வீடு சுற்றுகிறது.

இவ்வளவும் பாரானிக்கு முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரான்ஸ் 1820களிலேயே புறாக்களின் அரைவட்டக் குழாய்களை வெட்டி, அவை தடுமாறுவதைக் கண்டார். 1870களில் எர்ன்ஸ்ட் மாக்கும் வியன்னா மருத்துவர் யோசெப் பிராயரும் திரவ நகர்வுக் கொள்கையை முன்வைத்தனர். தலையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பவரின் காதில் தண்ணீர் பட்டால் திரவம் எப்படி நகரும் என்பதுதான் பாரானியின் கேள்வி.

விடை குளியலறையிலிருந்து வந்தது. வெந்நீர்க் கொதிகலனில் மேலே நீர் சூடாகவும் அடியில் குளிர்ந்தும் இருந்ததைக் கண்டு முன்பு வியந்தது அவர் நினைவுக்கு வந்தது. சூடான நீர் மேலே எழும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். செவித்துளைக்கு மிக அருகில் இருக்கும் அரைவட்டக் குழாயிலும் அதுவே நடக்கிறது என்று அவர் கருதினார். கருதியதோடு நிற்கவில்லை. உடல் வெப்பத்திலேயே உள்ள நீரைப் பயன்படுத்தினால் தலை சுற்றக்கூடாது, சுற்றவில்லை. தலையைக் கவிழ்த்து வைத்தால் துடிப்பின் திசை மாற வேண்டும்; மாறியது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. காதில் பிடித்த சீழ் உட்செவிக்குப் பரவி, அங்கிருந்து மூளையை எட்டினால் ஆள் பிழைப்பது அரிது. கத்தி எடுக்கும் முன் உட்செவி உயிரோடு இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். பாரானியின் சோதனைக்குப் பிறகு, குளிர்ந்த நீர் பட்டும் விழி துடிக்கவில்லை என்றால் பழுது எங்கே என்று ஊகிக்க முடிந்தது. சுழல் நாற்காலியில் நோயாளியை 20 விநாடியில் 10 சுற்றுச் சுற்றிச் சோதிக்கும் முறையும், கண்ணை மூடி விரலால் குறி தொடச் சொல்லிச் சிறுமூளையைச் சோதிக்கும் முறையும் அவர் வகுத்தவையே.

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. விறைத்த காலுடன் இருந்தும் பாரானி தாமாக முன்வந்து, ப்ஷெமிஷ்ல் கோட்டையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். ரஷ்யப் படை மாதக்கணக்கில் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. 1915 மார்ச்சில் அது விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பாரானி மத்திய ஆசியாவின் மெர்வ் நகருக்கு அனுப்பப்பட்டார். இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ளது அந்த ஊர்.

1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு என்று 1915இல் அறிவிக்கப்பட்டபோது அவர் அங்கேதான் இருந்தார். சுவீடன் இளவரசர் கார்ல், செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத் தலையிட்டதால் 1916இல் விடுதலை கிடைத்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் மன்னரின் கையால் பரிசைப் பெற்றார்.

வியன்னா திரும்பியவருக்கு மாலை மரியாதை காத்திருக்கவில்லை. அவருடைய ஆய்வு பிறர் கருத்துகளின் மேல் கட்டப்பட்டது, அவர்களின் பெயரை அவர் போதிய அளவு குறிப்பிடவில்லை என்று சக மருத்துவர்களே குற்றம் சாட்டினார்கள். ஆய்வாளர் ஒருவருக்கு இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு கிடையாது. ஃப்ளூரான்ஸும் மாக்கும் பிராயரும் இல்லாமல் பாரானி இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் சொன்னதை நோயாளிக்குப் பயன்படும் சோதனையாக மாற்றியது பாரானிதான். இதைப் பிரித்துப் பார்க்க வியன்னாவுக்கு மனம் வரவில்லை என்றே தோன்றுகிறது.

மனம் நொந்த பாரானி 1917இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குச் சென்று காது மருத்துவப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1926இல் முழுப் பேராசிரியரானார். 1921இல், படுத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் சுற்றல் வரும் நோயாளி ஒருவரைப் பற்றி விரிவாக எழுதினார். உட்செவியிலுள்ள சுண்ணாம்புத் துகள்களோடு அதற்குத் தொடர்பிருக்கும் என்று ஊகித்தார். இன்று தலைசுற்றலுக்கு மருத்துவரிடம் செல்பவர்களில் பலருக்கு இருப்பது இதே கோளாறுதான். 1936 ஏப்ரல் 8ஆம் தேதி, 60 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில் உப்சாலாவிலேயே காலமானார்.

அவருடைய விளக்கத்துக்கு ஒரு சோதனை மீதமிருந்தது. எடையற்ற நிலையில் சூடான திரவம் மேலே எழாது, குளிர்ந்தது கீழே இறங்காது. அப்படியானால் விண்வெளியில் விழி துடிக்கக்கூடாது. 1983இல் விண்ணோடத்தில் சென்ற ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடத்தில் விண்வெளி வீரர்களின் காதுகளைச் சூடாக்கிப் பார்த்தார்கள். விழிகள் துடித்தன. பாரானி சொன்ன காரணம் முழுக் காரணம் அல்ல, வெப்பம் வேறு வழியிலும் உட்செவியைத் தூண்டுகிறது என்று அப்போது தெரிந்தது.

சோதனை மட்டும் கைவிடப்படவில்லை. காது மருத்துவமனைகளில் இன்றும் நோயாளியைப் படுக்கவைத்து, தலையை 30 பாகை உயர்த்தி, உடல் வெப்பத்தைவிட 7 பாகை குறைந்த நீரையும் 7 பாகை கூடிய நீரையும் மாறி மாறிக் காதில் பாய்ச்சிவிட்டு, மருத்துவர் விழிகளைக் கவனிக்கிறார்.