மரத்தில் மலை கட்டிய தச்சர்

திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அதற்கு ரோலர் கோஸ்டர் என்று பெயர்.

மரங்களைச் சாரம் போல உயரமாகக் கட்டியிருப்பார்கள். அதன் மேல் தண்டவாளம். அது மலை போல ஏறும். பள்ளம் போல இறங்கும். அதில் வண்டி உருண்டு ஓடும். உட்கார்ந்திருப்பவர்கள் அலறுவார்கள். இறங்கியதும், இன்னொரு தடவை போகலாம் என்று டிக்கெட் வாங்க ஓடுவார்கள்!

இந்த விளையாட்டு ரெயிலை நாடெங்கும் பரப்பியவர் ஒரு தச்சர். அவர் பெயர் லாமார்கஸ் தாம்ப்சன்.

அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் முறைப்படி கட்டிய மர ரெயில்களில் மிஞ்சியவை மிகச் சிலவே. அவற்றைப் பழையபடி காப்பாற்றுவதா? புது முறைக்கு மாற்றுவதா? இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பதில் சொல்ல வேண்டுமானால், அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைவேலையில் கெட்டிக்காரர்

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் ஜெர்சி என்று ஒரு சிற்றூர். அங்கு 1848-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி தாம்ப்சன் பிறந்தார்.

பன்னிரண்டு வயதிலேயே தாயாருக்கு வெண்ணெய் கடையும் பொறி ஒன்றைச் செய்து கொடுத்தாராம். தகப்பனாருக்கு ஒரு மாட்டு வண்டி செய்தாராம். 17 வயதில் தேர்ந்த தச்சர் ஆகிவிட்டார்.

பிறகு இந்தியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்ற ஊருக்குப் போனார். அங்கு தையல் இல்லாத காலுறை பின்னும் தொழிலில் இறங்கினார். பணம் வந்தது. ஆனால் உடல்நலம் போயிற்று! தொழிலை விட்டுவிட்டார்.

கோவேறு கழுதைகளின் சவாரி

அந்தக் காலத்தில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வேடிக்கையான ரெயில் ஓடியது. மாக் சங்க் என்பது அந்த ஊரின் பெயர்.

மலை மேல் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1827-ம் ஆண்டு அங்கிருந்து கீழே 9 மைல் தூரத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். நிலக்கரி வண்டி தன் பாரத்தாலேயே கீழே உருண்டு வரும். எஞ்சின் கிடையாது. காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் செல்லும்.

கழுதைகள் கீழே வருவது எப்படி? அவற்றையும் வண்டியில் ஏற்றி உருட்டிவிட்டார்கள்! கழுதைகள் ஜம்மென்று நின்றபடி சவாரி செய்தன.

பிற்காலத்தில் நிலக்கரிக்கு வேறு வழி வந்தது. இந்த ரெயிலில் மனிதர்கள் காசு கொடுத்துச் சவாரி செய்தார்கள். கூட்டம் அலைமோதியது. தாம்ப்சனுக்கு யோசனை பிறந்தது இதிலிருந்துதான் என்று சொல்வார்கள்.

அவர் தெய்வபக்தி உள்ளவர். உழைக்கும் மக்கள் ஓய்வு நாளில் மதுக்கடைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. குடும்பத்தோடு மகிழ நல்ல பொழுதுபோக்கு வேண்டும் என்று நினைத்தார்.

ஐந்து சென்ட் டிக்கெட்

நியூயார்க் நகரில் கோனி தீவு என்ற கடற்கரை இருக்கிறது. 1884-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அங்கு தாம்ப்சனின் ரெயில் ஓடியது.

இரண்டு கோபுரங்கள். நடுவே சுமார் 600 அடி நீளத்துக்கு மேடும் பள்ளமுமாக மரப்பாதை. ஜனங்கள் படி ஏறி உச்சிக்குப் போவார்கள். பெஞ்சு போன்ற வண்டியில் பக்கவாட்டில் உட்காருவார்கள். வண்டி உருண்டு அடுத்த கோபுரத்துக்குப் போகும். அங்கே இறங்க வேண்டும். ஆட்கள் வண்டியைத் தள்ளி அடுத்த பாதைக்கு மாற்றுவார்கள். மறுபடி ஏறித் திரும்பலாம்.

வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 6 மைல்தான்! சைக்கிள் கூட முந்திவிடும். ஆனால் அன்று அதுவே பெரிய அதிசயம். கட்டணம் 5 சென்ட். போட்ட முதல் மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டதாம்.

மாற்றிக்கொண்டே இருந்தார்

போட்டியும் உடனே வந்தது. ஒருவர், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வட்டப்பாதை கட்டினார். இன்னொருவர், வண்டியை இயந்திரத்தால் மேலே இழுத்தார். படி ஏறும் தொல்லை தீர்ந்தது.

தாம்ப்சன் சும்மா இருக்கவில்லை. 1887-ம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டி நகரில் புதிய ரெயிலை அமைத்தார். வண்டி சுரங்கத்துக்குள் நுழையும். மின்விளக்குகள் பளிச்சென்று எரியும். சுவர்களில் அழகிய காட்சிகள் தெரியும். இதற்குக் காட்சி ரெயில் என்று பெயர் வைத்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பரவியது.

1919-ம் ஆண்டு மே 8-ந் தேதி தாம்ப்சன் காலமானார். கோனி தீவில் ஓடிய முதல் ரெயில் இன்று இல்லை.

அடிச்சக்கரம் வந்தது

தாம்ப்சனிடம் வேலை பார்த்தவர் ஜான் மில்லர். தண்டவாளத்தின் அடியிலும் சக்கரம் வைக்கும் முறையைக் கொண்டுவந்தவர் இவரே. அடிச்சக்கரம் பிடித்துக்கொள்வதால் வண்டி மேலே எழும்பாது. இன்னும் வேகமாக விடலாம்!

பழைய காட்சி ரெயிலில் அடிச்சக்கரம் இல்லை. வேகம் மிஞ்சினால் ஆபத்து. ஆகவே வண்டியிலேயே ஓர் ஆள் போவார். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்து வேகத்தை அடக்குவார். பயணிகளின் உயிர் அவர் கையில்!

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-ம் ஆண்டு திறந்த ரெயிலில் இப்படி ஓர் ஆள் உண்டு. இங்கிலாந்தில் மார்கேட் நகரில் 1920-ம் ஆண்டு திறந்த ரெயிலும் இதே வகைதான்.

எதைக் காப்பது?

பழைய ரெயிலை வைத்துக் காப்பது லேசான காரியம் அல்ல. மழையில் மரம் உளுத்துப்போகும். ஆணி தளரும். ஆண்டுதோறும் பலகை மாற்ற வேண்டும். பிரேக் பிடிக்கும் ஆளைப் பழக்க வேண்டும். செலவு அதிகம்.

ஆகவே சிலர் வேறு வழி கண்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் ஜெயண்ட் என்ற மர ரெயில் 1990-ம் ஆண்டு வந்தது. குலுக்கல் தாங்க முடியவில்லை. 2009-ல் அதை மூடினார்கள். மரச் சாரத்தின் மேல் இரும்புப் பாதை போட்டு 2011-ல் திறந்தார்கள். கூட்டம் குவிந்தது. ஆனால் மரப்பாதை போயிற்று.

மார்கேட்டில் வேறு கதை. 2002-ல் அரசு அந்த ரெயிலைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. 2008-ல் தீப்பிடித்துவிட்டது! பாதையில் ஒரு பகுதியும் வண்டிகளும் எரிந்தன. ஊர் மக்கள் விடவில்லை. புது மரம் போட்டார்கள். புது வண்டி செய்தார்கள். பாதையின் அமைப்பை மாற்றவில்லை. பிரேக் பிடிக்கும் ஆளையும் எடுக்கவில்லை. 2015-ல் ரெயில் மீண்டும் ஓடியது.

இரண்டில் எது சரி? டெக்சாஸ் ரெயிலுக்கு அப்போது இருபது வயது கூட நிரம்பவில்லை. அதுபோன்ற ரெயில்கள் வேறு இருக்கின்றன. அதை மாற்றியதில் பெரிய நஷ்டம் இல்லை. மார்கேட் ரெயில் அப்படி அல்ல. அதில் அடிச்சக்கரம் மாட்டினால் பிரேக்காரருக்கு வேலை இல்லை. அவர் போய்விட்டால் அது தாம்ப்சனின் ரெயிலும் அல்ல.

தாம்ப்சன் தச்சர். உளுத்த பலகையை மாற்றுவதற்கு அவர் தயங்கியிருக்க மாட்டார். பலகை எத்தனை புதிதானாலும், பள்ளத்தில் இறங்கும்போது ஒரு மனிதனின் கை பிரேக்கைப் பிடிக்கும் வரை, அந்தத் தச்சர் கட்டிய மலை நிற்கும்.