அலைகளைக் கணக்கிட்ட பெண்: மேரி சியர்ஸும் யுத்தத்தின் கடலும்

1943 நவம்பர் 20ஆம் திகதி காலை, பசுபிக் சமுத்திரத்திலுள்ள தராவா முருகைக்கல் தீவுத்தொகுதியில் அமெரிக்கப் படையினர் தரையிறங்கினர். அவர்களை ஏற்றிவந்த படகுகள் மிதக்கச் சுமார் நான்கு அடி தண்ணீர் வேண்டும். கரைக்கு வெளியே இருந்த முருகைக்கல் பாரின் மேல் அன்று அவ்வளவு தண்ணீர் இருக்கவில்லை. படகுகள் தட்டி நின்றன. படையினர் கடலில் இறங்கி, நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்தை இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நடந்தே கடந்தார்கள். மூன்று நாள் சண்டையில் சுமார் 1,000 அமெரிக்கர் இறந்தனர். தீவிலிருந்த ஜப்பானியத் தரப்பில் 4,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் கணிசமானோர் வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளர்கள்.

அந்த நாட்களில் சந்திரன் தேய்ந்து பாதியாக இருந்தது. பூமியிலிருந்து அதிக தூரத்திலும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் கடல் குறைவாகவே பெருகும். கையிலிருந்த வற்றுப்பெருக்குத் தகவல்கள் பழையவை, போதாதவை. கடலைத் தெரியாமல் கடலில் போர் செய்ய முடியாது என்பதைக் கடற்படை அதிக விலை கொடுத்துப் படித்தது. அந்தக் குறையை நிரப்பும் வேலையைத் தலைமையேற்று நடத்தியவர் ஒரு பெண். அவர் பெயர் மேரி சியர்ஸ்.

1905இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் வேலண்ட் என்ற ஊரில் பிறந்த மேரி, ராட்கிளிஃப் கல்லூரியில் விலங்கியல் படித்து 1933இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கடலில் மிதக்கும் பிளாந்தன்களே அவரது ஆய்வுத்துறை. வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் முதல் பணிப்பாளர் ஹென்றி பிகலோவிடம் அவர் உதவியாளராக இருந்தார். ஆனால் அந்த நிறுவனத்தின் ஆய்வுக் கப்பலில் பெண்கள் செல்ல அன்று அனுமதியில்லை. ஆண்கள் கடலிலிருந்து போத்தல்களில் கொண்டுவந்ததைக் கரையிலிருந்து அவர் எண்ணினார்.

1941இல் பெருநாட்டு அரசின் குவானோ நிறுவனத்துக்காக பிஸ்கோ குடாவில் ஆய்வு செய்யப் போனார். குவானோ என்பது கடற்பறவைகளின் எச்சம், பசளையாக விற்பனையாவது. பறவைகள் பெருக மீன் வேண்டும், மீன் பெருகப் பிளாந்தன் வேண்டும். பசளை மூட்டையின் பெறுமதி தெரிந்த நம் தோட்டத்து மக்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். அவர் பெருவில் இருந்தபோதுதான் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது.

அந்த யுத்தம் நம் தீவையும் விடவில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகின. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. வலப்பனையில் இருக்கும் எனக்குக் கடல் தெரியாது. ஆனால் இங்குள்ள ஓடைகள் மகாவலியில் சேர்ந்து, மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவில் விழுகின்றன. கடலுக்கு அடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஓடும் அந்தக் குடாவுக்காகத்தான் வல்லரசுகள் திருகோணமலையை மாறி மாறிப் பிடித்தன. கடலின் ஆழம் எவ்வளவு என்பது அரசியலும்கூட.

மேரி கடற்படையில் சேர விரும்பியபோது மூட்டுவாதத்தைக் காரணம் காட்டி முதலில் மறுத்தார்கள். பின்னர் விதிவிலக்கு அளித்து, 1943 ஏப்ரலில் பெண்கள் பிரிவில் அதிகாரியாகச் சேர்த்துக்கொண்டனர். அப்போது அவருக்கு வயது 37. வொஷிங்டனுக்கு அருகே சூட்லண்டில் இருந்த நீர்ப்பரப்பு அலுவலகத்தில் கடலாய்வுப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. கொட்டலசு எனப்படும் ஓட்டுயிர்களில் நிபுணரான டோரா ஹென்றி, வட பசுபிக் கடலைப் பற்றிய நூல்களுக்கெல்லாம் விபரப்பட்டியல் தயாரித்திருந்த நூலகர் மேரி கிரியர், இறால் நண்டு இனங்களை ஆராய்ந்த ஃபென்னர் சேஸ் ஆகியோர் அவருடன் இருந்தனர்.

அவர்களுடைய ஆயுதம் நூலகம். பழைய பயண அறிக்கைகள், ஆய்வுச் சஞ்சிகைகள், எதிரி நாட்டு விஞ்ஞானிகள் சமாதான காலத்தில் வெளியிட்ட கட்டுரைகள் என்று தேடித் தேடி எடுத்தார்கள். எந்தக் கரையில் எந்த மாதத்தில் அலை எவ்வளவு எழும், மணலா சேறா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தரையிறக்கத் திட்டக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் அவர்கள் உதவினார்கள். கடலின் மேல் நீர் சூடானது. ஓர் ஆழத்துக்குக் கீழே சட்டென்று குளிரும். அந்த எல்லையில் ஒலி கீழ்நோக்கி வளையும். மேலிருக்கும் கப்பல் அனுப்பும் ஒலி அலை விலகிப் போவதால், அடியில் பதுங்கிய நீர்மூழ்கி தப்பிவிடும். ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையைப் பதியும் கருவியின் அளவீடுகளைக் கொண்டு, பதுங்க ஏற்ற இடங்களைக் காட்டும் வழிகாட்டிகள் தயாராகின. கப்பல் மூழ்கித் தெப்பத்தில் மிதப்பவர்களை நீரோட்டம் எங்கே கொண்டுபோகும் என்ற கணக்கும் இத்துறையின் வேலைதான்.

அதே அறிவு ஒகினாவா தரையிறக்கத்துக்கும் பயன்பட்டது. 1945 ஏப்ரல் 1ஆம் திகதி படகுகள் சிக்கலின்றிக் கரை சேர்ந்தன. ஆனால் அடுத்துவந்த மூன்று மாதங்களில் அந்தத் தீவின் பொதுமக்கள் சுமார் ஒரு இலட்சம் பேர் இறந்தனர். முன்னால் இராணுவம், பின்னால் கடல், நடுவில் சனம். 2009இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் அகப்பட்ட நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களும் அங்கே இருந்தன. கரையின் மணலைப் பற்றி அறிக்கை எழுத ஆள் இருந்தது. கரையில் வாழும் சனத்தின் உயிரை அந்த அறிக்கைகள் காக்கவில்லை. மேரியின் திறமையை மெச்சும்போது இதையும் சேர்த்தே நான் பார்க்கிறேன்.

யுத்தம் முடிந்ததும் அவர் வூட்ஸ் ஹோலுக்குத் திரும்பினார். 1953இல் தொடங்கிய ஆழ்கடல் ஆய்வுச் சஞ்சிகையைப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து வளர்த்தார். 1959இல் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் நடந்த முதலாவது சர்வதேச கடலாய்வு மாநாட்டை ஒழுங்கு செய்ததில் அவர் பங்கு பெரியது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சோவியத் விஞ்ஞானிகளும் அதில் கலந்துகொண்டனர். படைக்காக மூடிவைத்த கடலறிவை எல்லோருக்குமாகத் திறந்துவைத்த அந்த வேலையைத்தான் அவர் வாழ்வின் பெரிய பகுதியாக நான் கருதுகிறேன். 1997இல், 92ஆவது வயதில் காலமானார்.

ஆய்வுக் கப்பலில் ஏறவிடப்படாத அவருடைய பெயரை, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஓர் அளவைக் கப்பலுக்குச் சூட்டியது. 2007 ஜனவரியில் இந்தோனேசியாவின் சுலவேசிக்கு அப்பால் 102 பேருடன் காணாமற்போன பயணிகள் விமானத்தின் கறுப்புப் பெட்டிகள் எழுப்பிய சமிக்ஞையைக் கடலடியிலிருந்து கண்டறிந்தது அந்தக் கப்பல்தான். காணாமற்போனவர்களுக்கு என்ன நடந்தது என்று உறவுகளுக்கு ஒரு பதிலாவது கிடைத்தது. அந்தப் பதிலின் பெறுமதி, இன்றும் வீதியோரத்தில் படங்களுடன் உட்கார்ந்திருக்கும் நம் தாய்மாருக்குத் தெரியும்.