ஜாவாவைப் பார்க்காமலே ஜாவா மொழியை ஆராய்ந்த மந்திரி

ஹம்போல்ட் என்றதும் நினைவுக்கு வருபவர், தென் அமெரிக்கக் காடுகளையும் மலைகளையும் சுற்றிவந்த அலெக்சாண்டர் ஹம்போல்ட். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். பெயர் வில்ஹெல்ம். தம்பி நாடு நாடாகச் சுற்றினார். அண்ணனோ மொழி மொழியாகச் சுற்றினார்!

வில்ஹெல்ம் 1767-ல் ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரில் பிறந்தார். பிரஷ்ய அரசின் கல்வி இலாகாவை நடத்தினார். பெர்லின் சர்வகலாசாலை 1810-ல் தோன்றியது இவர் முயற்சியால்தான். பிறகு தூதர், மந்திரி. பத்திரிகைகளுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் அரசு விலங்கு பூட்டியதை எதிர்த்தார். 1819 இறுதியில் பதவி போயிற்று.

பெர்லின் அருகே டேகலில் குடும்ப மாளிகை இருந்தது. அங்கே போய்ப் புத்தகங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

ஜாவாத் தீவின் பழைய இலக்கிய மொழிக்குக் 'கவி' என்று பெயர். நமக்குத் தெரிந்த 'கவி' என்ற சொல்தான் அது. பாரதப் போரைப் பற்றி அந்த மொழியில் 1157-ல் ஒரு காவியமே எழுந்தது. அதன் பகுதிகளை ராபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1817-ல் தம் நூலில் வெளியிட்டார். பார்த்த இடமெல்லாம் சம்ஸ்கிருதச் சொல்! அப்படியானால் இது சம்ஸ்கிருதத்தின் பிள்ளையா?

இல்லை என்றார் வில்ஹெல்ம். சொற்களைக் கடன் வாங்கலாம். சொற்களைக் கோக்கும் முறையை அவ்வளவு எளிதில் வாங்க முடியாது. எவ்வளவு வடசொல் கலந்து எழுதினாலும், 'வந்தான்', 'வீட்டுக்கு' என்ற முடிவுகள் இது தமிழ் என்று காட்டிவிடுகின்றன அல்லவா? அதுபோலத்தான். கவியில் புகுந்த சம்ஸ்கிருதச் சொற்கள் தங்கள் வேற்றுமை உருபுகளை விட்டுவிட்டே வந்திருந்தன.

ஜாவாவில் 'துருன்' என்றால் இறங்குதல். அதன் நடுவே 'உம்' நுழைந்து 'துமுருன்' என்று வரும். பிலிப்பைன்ஸ் தீவுகளின் தகலாகு மொழியில் எழுதுவதைக் குறிக்கும் 'சூலாத்', அதே 'உம்' நுழைந்து 'சுமூலாத்' ஆகும். சம்ஸ்கிருதத்தில் இந்த வழக்கம் கிடையாது.

ஐந்து என்ற எண்ணைப் பாருங்கள். மலாயில் 'லிமா'. ஹவாயிலும் 'லிமா'. நியூஜீலந்தின் மாவோரி மொழியில் 'ரிமா'. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்திலுள்ள மடகாஸ்கரில் 'டிமி'. நடுவே எத்தனை ஆயிரம் மைல் கடல்! இந்தத் தீவு மொழிகளை ஒரே குடும்பமாகச் சேர்த்து ஆராய்ந்தார் வில்ஹெல்ம். ஆஸ்திரனேசியக் குடும்பம் என்று இன்று அழைக்கப்படும் அதில் 1200க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு.

ஜாவாவை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

1829-ல் மனைவி கரோலின் இறந்தார். அந்தத் துயரத்தோடு நோயும் சேர்ந்தது. கை நடுங்கியது. எழுதும் எழுத்துக்கள் நாளுக்கு நாள் சிறுத்து, படிக்க முடியாமல் போயின. அவர் வேலையை விடவில்லை. வாயால் சொல்லி எழுதவைத்தார். நூல் முடியவில்லை. 1835 ஏப்ரல் 8-ந் தேதி டேகலில் காலமானார்.

கையெழுத்துப் பிரதிகள் தம்பி அலெக்சாண்டரிடமும், உதவியாளர் புஷ்மனிடமும் வந்தன. இருவரும் அவற்றை அச்சேற்றினார்கள். 1836 முதல் 1839 வரை மூன்று பாகங்கள் வெளிவந்தன. தென்கடல் தீவு மொழிகளைப் பற்றி அவர் குறையாக விட்டுச்சென்ற பகுதியைப் புஷ்மன் எழுதி முடித்தார்.