தீப்பெட்டிப் பெண்களுக்காக எழுதிய அன்னி பெசன்ட் அம்மையார்

அன்னி பெசன்ட் அம்மையார்னு சொன்னா, சென்னை அடையாறும் பெசன்ட் நகரும்தான் நமக்கு ஞாபகம் வரும். சுதந்திரப் போராட்டப் பாடத்துல ஒரு பத்தி படிச்சிருப்போம். நான் இந்த மலரில் எழுத விரும்புவது, அவர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் லண்டனில் செய்த ஒரு வேலையைப் பற்றி. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில வளர்ந்தவள் நான். அதனால இந்தக் கதை மேல எனக்குத் தனிப் பிரியம்.

அம்மையார் 1847-ல் லண்டனில் பிறந்தார். 5 வயசுல அப்பா இறந்துட்டார். 20 வயசுல ஒரு பாதிரியாரோடு கல்யாணம், இரண்டு குழந்தைகள். மனசு ஒத்துப்போகாமல் 1873-ல் பிரிந்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய புத்தகத்தை அச்சிட்டதற்காக வழக்கு நடந்தது. அதன் தொடர்ச்சியா, கூட இருந்த மகளையும் 1878-ல் கோர்ட்டு அப்பாகிட்ட ஒப்படைச்சிடுச்சு. எழுதினா என்ன விலை கொடுக்கணும்னு தெரிஞ்ச பிறகும் எழுதினவர் அவர்.

1888 ஜூன் மாதம் லண்டனில் ஒரு கூட்டம். பிரையன்ட் அண்டு மே என்ற தீப்பெட்டிக் கம்பெனி பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கு மேல் லாபம் கொடுக்குது, ஆனா பெண்களுக்குக் கூலி ரொம்பக் குறைவு என்று அங்கே பேச்சு வந்தது. அம்மையார் உடனே எழுத உட்காரவில்லை. ஹெர்பர்ட் பர்ரோஸ் என்ற நண்பரோடு போய், அங்கே வேலை பார்க்கும் பெண்கள் சிலரைச் சந்தித்து, நேரம், கூலி, பிடித்தம் எல்லாத்தையும் கேட்டுக் குறிச்சுக்கிட்டார்.

ஜூன் 23 அன்று தன் பத்திரிகையில் எழுதினார். அதில் திட்டைவிடக் கணக்குதான் ஜாஸ்தி. கோடையில் காலை 6.30-க்கு வேலை ஆரம்பம், மாலை 6 மணி வரை நின்னுக்கிட்டே வேலை. 16 வயசுப் பெண்ணுக்கு வாரம் 4 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக நாளுக்கு 8 பென்ஸ். கால் அழுக்கா இருந்தா 3 பென்ஸ் அபராதம். லேட்டா வந்தா காலை வேளை முழுக்க வெளியே நிறுத்திட்டு 5 பென்ஸ் பிடிப்பாங்க. அரை நாளுக்கு 4 பென்ஸ்தானே வரும்? நம்ம குழுவுல எந்தக் கணக்காளரும் இந்த 1 பென்ஸைப் பிடிச்சிருப்பாங்க! மெஷின்ல விரல் போயிடாம காப்பாத்தப் பார்த்த பெண்ணுக்கு 1 ஷில்லிங் அபராதம். போன வருஷம் பங்குதாரருக்குக் கொடுத்த லாபம் 23 சதவீதம் என்பதையும் பக்கத்திலேயே போட்டார்.

கம்பெனி பேரையும் தன் பேரையும் வெளிப்படையாகப் போட்டவர், விஷயம் சொன்ன பெண்கள் பேரைப் போடவில்லை. அவதூறு வழக்கு என்று கம்பெனி மிரட்டியது. வழக்கு வரவே இல்லை.

ஆனா உள்ளே இருந்த பெண்களுக்குத்தான் நெருக்கடி. கட்டுரை பொய், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அவங்க மறுத்துட்டாங்க. ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினதும், ஜூலை 5-ல் தொடங்கி சுமார் 1,400 பேர் வெளியே வந்துட்டாங்க. வேலைநிறுத்தம் செய்யுங்கன்னு அம்மையார் சொல்லவில்லை, அது அந்தப் பெண்களே எடுத்த முடிவு. அந்தப் பெருமையை அவங்களுக்குத்தான் கொடுக்கணும் என்பேன். தேடி வந்தவங்களை அம்மையாரும் கைவிடவில்லை. நிதி திரட்டினாங்க, பதிவேட்டில் பேர் எழுதிப் பணத்தைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. பெண்கள் சிலர் பாராளுமன்றத்துக்கே போய் உறுப்பினர்களிடம் நிலைமையைச் சொன்னாங்க.

இரண்டு வாரத்துக்குள் ஒப்பந்தம் ஆச்சு. அபராதம் ரத்து, பிரஷ்ஷுக்கும் பெயின்ட்டுக்கும் பிடித்த பிடித்தமும் ரத்து. சாப்பிடத் தனி அறை தருவதாக ஒப்புக்கிட்டாங்க. இது சின்ன விஷயம் இல்லீங்க. வெள்ளை பாஸ்பரஸ் விஷம், அந்தப் புகையாலேயும் துகளாலேயும் தாடை எலும்பு அழுகும். இன்னொரு ஷரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்: குறை இருந்தா மேஸ்திரி வழியாப் போக வேண்டாம், நேரே மேலாளரிடம் சொல்லலாம். குறைக்குக் காரணமே மேஸ்திரியா இருந்தா, அவர்கிட்டயே போய் எப்படிச் சொல்றது?

அப்புறம் தொழிற்சங்கம் வந்தது, அம்மையார் அதன் செயலாளர். அதோடு எல்லாம் சரியாயிடல. தாடை நோய் வந்தவங்களைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காம மறைச்சதுக்காக 1898-ல் அதே கம்பெனிக்குக் கோர்ட்டு அபராதம் போட்டது. வெள்ளை பாஸ்பரஸை அவங்க விட்டது 1901-ல்தான்.

அம்மையார் 1893 நவம்பர் 16-ல் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். அப்போ சிவகாசியில தீப்பெட்டித் தொழிலே கிடையாது. பிறகு அடையாறில் தங்கி பத்திரிகை நடத்தினார், சுயாட்சி கேட்டு 1917-ல் ஊட்டியில் காவலில் இருந்தார், அதே வருஷம் காங்கிரஸ் தலைவரானார். அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்துக்கும் முதல் தலைவர் அவர்தான். 1933 செப்டம்பர் 20-ல் அடையாறிலேயே காலமானார். அதுக்குள்ள சிவகாசியில் நம்ம பெண்கள் தீப்பெட்டி ஒட்ட ஆரம்பிச்சிருந்தாங்க.